மாப்பிள்ளை கட்டிவிட்ட வாட்ச்

பெண் கொடுத்த வீட்டில் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டது. பெண்ணின் அப்பாவுக்கு மீசை முளைத்த நாளிலிருந்து குழாய் வேலைதான். வேறொருவன் கையில் விடுவாரா? மச்சினனைக் கூட்டிக்கொண்டு போய் நின்றார். நின்றாரே தவிர, உள்ளுக்குள் உதைப்பு. வேலை சொதப்பினால் "உங்கப்பன் லட்சணம் இதுதானா?" என்ற பேச்சு அவர் காதிலா விழும்? அந்த வீட்டில் வாழ்கிற மகள் காதில் அல்லவா தினமும் விழும், கண்ணுகளா!

அவர்கள் வேலை செய்கிற விதமே தனி. மச்சினன் மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டியின் வால்வைப் பிடித்துக்கொள்வான். இவர் கொல்லைப்புறக் குழிக்குள் தலையை விடுவார். ஸ்பேனரால் இரும்புக் குழாயில் ஒரு தட்டு தட்டினால் திற, இரண்டு தட்டினால் மூடு.

மாப்பிள்ளைக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை.

"டங்கு டங்குன்னு தட்டாதீங்க மாமா, பக்கத்து வீட்ல எட்டிப் பாக்கறாங்க" என்று ஆளுக்கொரு ஸ்மார்ட்வாட்சைத் தானே கட்டிவிட்டார். "திற, மூடு, ரெண்டே பட்டன். தொட்டா அங்க சேதி போயிடும்."

"எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே மாப்பிள்ளை."

"பழகிடும் மாமா."

சம்பந்தியம்மா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சகதிக்குள்ள கைய விடறவருக்கு எதுக்குடா இது? மொட்டைத் தலைக்குச் சீப்பா?"

குழிக்குள் முடியும் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் பழந்துணியும் திரண்டு கிடந்தன. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அது அவருக்குப் பழக்கம். மணிக்கட்டில் இருந்ததுதான் பழகாதது. அடைப்பைக் குத்துகிற கம்பியில் துணி மாட்டியதும், மேலே திறந்துவிட்டிருந்த தண்ணீரை நிறுத்தியாக வேண்டும். ஈர விரலால் தொட்டார், அது அசையவில்லை. சட்டையில் துடைத்துத் தொட்டார். "இன்று நீங்கள் போதுமான அளவு நடக்கவில்லை" என்று புத்தி சொன்னது. கடைசியில், சீ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, மூக்கு நுனியால் அழுத்தினார். 'மூடு' போயிற்று.

மேலே உச்சி வெயில். மச்சினனின் மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது. திருப்பினான், சாய்த்தான், கண்ணை இடுக்கினான். அதன் கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் அவன் மீசைதான். கையால் நிழல் கட்டுவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. 'திறந்திருக்கும்போதே கூப்பிடறார்னா இன்னும் திறக்கச் சொல்றாரு' என்று அவனாகவே முடிவு கட்டி, வால்வை முழுசாகத் திருகிவிட்டான்.

துணி வெளியே வந்தது. அதன் பின்னாலேயே மாடிமாடியாக அடைத்துக்கிடந்த கழிவு மொத்தமும் அவர் முகத்தில் பீய்ச்சியது. துப்பிக்கொண்டே ஸ்பேனரைத் தேடி எடுத்து இரண்டு தட்டு தட்டினார். தண்ணீர் நின்றது.

மாப்பிள்ளை ஓடிவந்தார். "ஐயோ மாமா! வாட்ச் நனைஞ்சிடுச்சா?"

அந்தக் குழி செய்யாததை இந்தக் கேள்வி செய்தது. குழாய்க்காரருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாட்சைக் கழற்றி நீட்டினார். மாப்பிள்ளை அதைக் கைக்குட்டையால் வாங்கினார், துடைத்தார், ஊதினார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மாமனார் ஒருவர் நிற்கிற நினைப்பே இல்லை. இவனுக்கா பெண்ணைக் கொடுத்தோம்?

"சீ!"

கதவருகே சம்பந்தியம்மா. குழாய்க்காரர் கூனிக் குறுகிப்போனார். போச்சு, மகள் பிழைப்பு போச்சு.

"உன்னைத்தாண்டா! மனுஷன் மலத்துல குளிச்சுட்டு நிக்கறாரு, நீ பொம்மையத் துடைச்சுக்கிட்டு இருக்கியா? உன்னைப் பெத்ததுக்கு எனக்கே அருவருப்பா இருக்கு. போய் வாளியும் சோப்பும் கொண்டா. மூக்கைப் பொத்தினே, அறைஞ்சிடுவேன்!"

வாளி வந்ததும் அவளே குவளையைப் பிடுங்கிக்கொண்டாள். "குனியுங்க சம்பந்தி. சாயங்காலம் உங்க பொண்ணு வேலை முடிஞ்சு வரட்டும். இங்க நாறினது யாருன்னு நானே சொல்றேன்."

அவர் குனிந்தார்.

"காதுக்குள்ளயும் போயிருக்கு. இன்னொரு குவளை ஊத்துங்கம்மா" என்றார்.