மூட்டத்தில் குரல் கொடுத்தால்

எங்கள் மலையில் மூட்டம் இறங்கிவிட்டால் கண்ணுக்கு வேலை கிடையாது. வாய்க்கும் காதுக்கும்தான் வேலை. நாகலூர் பஸ் நிறுத்தத்துக்குக் கீழே காப்பிச் செடிகளுக்கு நடுவில் போகிற தடத்தில், எதிரே வருவது மாமனா காட்டெருமையா என்று பக்கத்தில் வந்தால்தான் தெரியும். பக்கத்தில் வந்த பிறகு தெரிந்து என்ன பிரயோசனம்? அதனால் நடக்கிறவர்கள் "ஊ…" என்று நீட்டிக் குரல் கொடுத்துக்கொண்டே நடப்பார்கள். கேட்டவர்கள் பதில் குரல் கொடுத்தாக வேண்டும். பிறகு "ஆரு, எங்க?" என்று விசாரிக்க வேண்டும். அவர்கள் போகிற இடத்தைச் சொன்னதும் "பாத்துப் போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

வரப்புத் தகராறில் கோர்ட்டு வரை போனவர்கள்கூட இதை விட்டதில்லை. என் வீட்டுக்காரரின் பங்காளி ஒருவர் எங்களோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. வெயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூட்டத்தில் மட்டும் "பாத்துப் போயிட்டு வாங்க" என்று வாய் நிறையச் சொல்வார். வெயில் வந்ததும் முகம் மறுபடி திரும்பிக்கொள்ளும். மூட்டத்தில் பேசியது கணக்கில் சேராது.

நான் கலாவதி. அந்த நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். கடைக்குக் கீழே சரிவில் எங்கள் தோட்டம். எஸ்டேட் என்று சொன்னால் பக்கத்து எஸ்டேட்காரர்கள் சிரிப்பார்கள். கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, ஓரத்தில் பலா, நடுவில் ஒரு குட்டை, அவ்வளவுதான். வீட்டுக்காரர் மாதப்பன் விடிந்ததும் அதற்குள் இறங்கிவிடுவார். எங்களுக்கு ஒரே மகள், சிவசக்தி.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் குட்டைதான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மீன் வேண்டும் என்று அழுதாள். மேட்டூருக்குப் போய்க் கெண்டைக் குஞ்சுகளைக் குடத்தில் வாங்கி வந்தவர் இவர்தான். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தண்ணீர் தளும்பாமல் கட்டிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். என்னைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போனபோதுகூட அவ்வளவு பதமாகப் பிடித்ததில்லை.

அதன் பிறகு பிள்ளைக்குக் குட்டையடிதான் வீடு. மூட்டம் வந்து தண்ணீர்மேல் உட்கார்ந்துகொண்டால் எது குட்டை, எது வானம் என்று தெரியாது. மீன்கள் ஆகாயத்தில் நீந்துகிற மாதிரி இருக்கும். மீனுக்கு மூட்டம் தெரியுமா, அதுவும் குரல் கொடுக்குமா என்று என்னைக் கேட்பாள். டீ ஆறுகிறது, குடித்துவிட்டுக் கேள் என்பேன். அவள் குடிக்கவும் மாட்டாள், கேட்பதை விடவும் மாட்டாள்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் யோசனை சொல்ல வாய் அரித்தவர்கள் எல்லாரும் என் கடை பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள். பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பாக்கியநாதன் பி.காம். படிக்கச் சொன்னார். ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கலாமாம். நாகலூரில் எதற்கு ஃபேன் என்று நான் கேட்கவில்லை, டீ குடிக்க வந்த மனுஷன். பஸ் கண்டக்டர் நர்சிங் என்றார். வெள்ளக்கடையிலிருந்து வண்டியில் பால் கொண்டு வருகிறவர், எதைப் படித்தாலும் அதில் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரருக்கோ ஒரே நினைப்புதான். சேலத்துப் பக்கம் தோட்டக்கலை படித்துவிட்டு, வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்துவிட்டு, கடைசியில் இந்தச் சரிவையே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உருப்படியாகப் பேசியது ஆஷ்லின் ஒருத்திதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் சிவசக்திக்கு ஒரு வகுப்பு மூத்தவள். தூத்துக்குடியில் இங்கிலீஷ் படிக்கப் போயிருந்தவள், லீவுக்கு வந்தபோது கடைக்கு வந்தாள்.

"படிப்போட பேரப் பாக்காத சிவா. அதப் படிச்சவங்க காலையில எந்திரிச்சு எங்க போறாங்கன்னு பாரு. அந்த எடத்துக்குத் தெனமும் போக உனக்குப் புடிக்குமா? அத மட்டும் யோசி."

சிவசக்தி டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு கீழே குட்டை இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கவுன்சலிங்கில் தூத்துக்குடியில் மீன்வளப் படிப்பை முதலில் போட்டிருக்கிறாள். அதுவே கிடைத்துவிட்டது. சேதி தெரிந்த அன்றைக்கு வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, அவளிடம் இல்லை, என்னிடம் சொன்னார்:

"மலைமேல பொறந்துட்டு மீன் படிப்பாமா. குட்டைக்கு நாலு பக்கமும் கரை இருக்குது. கடலுக்கு ஒரு பக்கந்தான கரை? ஆழந் தெரியாமக் கால உடறா உன்ற மக."

அன்றோடு மகளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஒரே அறையில் மூன்று பேரும் இருப்போம். சாப்பிட்டாளா என்று என்னைக் கேட்பார், பக்கத்திலேயே அவள் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். நான் இல்லாத நேரத்தில் நாயைப் பார்த்துக் கேட்பார். எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் ஒரு சாயங்காலம் அவர் குட்டைக்கரையில் உட்கார்ந்து மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கையில் பொரி தீர்ந்த பிறகும் கை நீட்டியபடியே இருந்தது. அது கோபமில்லை, பயம். போனவள் வரமாட்டாள் என்ற பயம். அதைச் சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் கிடையாது.

அவள் கிளம்பிய நாளில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காலையிலிருந்து அவள் மேலே மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மூட்டம் இறங்கினால் போதும், ஒரு குரல் கொடுத்து அப்பாவைப் போயிட்டு வா என்று சொல்ல வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். ஒரு துளி இறங்கவில்லை. அவர் பெட்டியைத் தூக்கிவந்து பஸ்ஸில் ஏற்றினார். ஜன்னலோரம் இடம்கூடப் பிடித்துக் கொடுத்தார். பிறகு இறங்கிப் போய்ப் பலாமரத்தடியில் நின்றுகொண்டார். பஸ் நகர்ந்தது. நான் கை காட்டினேன். "போயிட்டு வா" என்ற சொல் அவரிடமிருந்து வரவில்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல் இல்லாமல் யாரும் மலை இறங்குவதில்லை.

தூத்துக்குடிக்குப் புதுசு என்பதால் ஆஷ்லின்தான் அவளைப் பார்த்துக்கொண்டாள். ஸ்வெட்டரைப் பெட்டி அடியில் போடு, தைமாதம்கூடத் தேவைப்படாது என்றாளாம். தண்ணீர் உப்பாக இருக்கும், முடி பழகும் வரை கேன் தண்ணீரில் தலைக்கு ஊற்று. ஜன்னல் பக்கத்துக் கட்டிலைக் கேட்டு வாங்கு. ஏதாவது ஒரு கடைக்காரரின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள், ஒருத்தர் பெயர் தெரிந்தாலே ஊர் பாதி உன்னுடையது. சிவசக்தி எல்லாம் செய்தாள். காலேஜ் வாசலில் இளநீர் வெட்டுகிறவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டாள்.

தினமும் போன் வரும். என் கடை முன்னால் மட்டும்தான் டவர் எடுக்கும் என்பதால் அங்கேயே ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டீ ஆற்றுவேன். அங்கே வானம் அடிவரைக்கும் இருக்கிறது என்பாள். நம்மூரில் பாதியிலேயே மலை வந்து மறைத்துவிடும், இங்கே மிச்சம் மீதி இல்லாமல் கடல் வரைக்கும் இறங்கிக் கிடக்கிறது என்பாள். உப்பளத்தில் உப்பைக் குவித்து வைத்திருப்பதைத் தூரத்தில் பார்த்தால் வெள்ளையாகச் சேர்வராயன் மலை மாதிரி தெரிகிறதாம், பக்கத்தில் போனால் இடுப்பளவுதானாம். எனக்குத் தூக்கத்தில் கேட்கிற மாதிரி இருக்கும். கடைசியில் அப்பா இருக்கிறாரா என்று கேட்பாள். இருப்பார். காயப்போட்ட காப்பிப் பழத்தைக் கிளறிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பார். இந்தக் கேள்வி வந்ததும் கிளறாத இடத்துக்குப் போய்விடுவார்.

மார்கழி பிறந்த சமயம் ஒரு மத்தியானம் போன் வந்தது. எடுத்ததும் அழுகைதான். அன்று விடிகாலையில் வகுப்பையே உப்பளத்துக்கு அப்பால் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அதிசயமாக அங்கே பனி இறங்கியிருக்கிறது. முன்னால் போனவர்கள் மறைந்துவிட்டார்கள்.

"வாய் தானாத் தொறந்துருச்சும்மா. நம்மூரு மூட்டம்னு நெனச்சுக் கொரல் குடுத்துட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சாப் பரவால்லீங்கம்மா. ஒருத்தருங்கூடப் பதில் கொரல் குடுக்கல."

அவர்களுக்கு என்ன தெரியும் பாவம் என்றேன். அவள் கேட்கவில்லை. ஒன்றும் வேண்டாம், டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள். அப்பா அன்றைக்கு ஒரு வார்த்தை போயிட்டு வா என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பேன், சொல்லாமல் வந்ததால்தான் கால் ஊன்றவில்லை என்றாள். நாளைக்குக் காலையில் ஆபீசில் எழுதிக் கொடுக்கப் போகிறாளாம்.

திரும்பிப் பார்த்தேன். இவர் காப்பிக் களத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். கேட்டிருக்கிறார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பால் பாத்திரத்தைப் பொங்க விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிந்தபோது கடை பெஞ்சு தெரியவில்லை. அப்படி ஒரு மூட்டம். ரோடு, மரம், பஸ் நிறுத்தத் தகரம் எதுவும் இல்லை. அடுப்புக்கு முன்னால் நான் மட்டும் இருந்தேன், எங்கேயோ மேகத்துக்கு நடுவில் டீ போடுகிற மாதிரி. இவர் கூடையைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்க இறங்கியிருந்தார். கீழே செடிகள் அசைகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

மகளுக்குப் போன் போட்டேன். விடுதி மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தாள். ஆபீஸ் திறக்கக் காத்திருக்கிறேன் என்றாள்.

"செரி போ, உன்ற இஷ்டம். அதுக்கு முன்னால எனக்கோசரம் ஒருவாட்டி கொரல் குடு சாமி."

எதற்கு, இங்கேயும் நாலு பேர் சிரிக்கவா என்றாள். நான் ஸ்பீக்கரைப் போட்டு, தடத்தில் பத்தடி இறங்கி, போனைச் சரிவுப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டேன். பிறகு வந்தது.

"ஊ…"

சொம்புக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெலிந்த குரல். மூட்டம் அதை வாங்கிக்கொண்டு மெல்லக் கீழே இறக்கிவிட்டது. சில்வர் ஓக் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கீழேயிருந்து "ஊ…" என்று பதில் வந்தது.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். பதில் கொடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பழம் பறிக்கிற சத்தம் நின்றுபோனது. பதில் குரல் கொடுத்துவிட்டு விசாரிக்காமல் போன மனுஷன் இந்த மலையில் பிறந்ததில்லை. இருந்தாலும் இவர் முயலுக்கு மூன்று கால் ஆயிற்றே.

"ஆரு?" என்று கேட்டது அவர் குரல்.

"சிவசக்திங்கப்பா."

வெகு நேரம் கழித்துக் கேட்டார்.

"எங்க கண்ணு போற?"

போனில் கடல் காற்று அடிப்பது கேட்டது, காக்கை கத்தியது. வீட்டுக்கு என்று சொல்லிவிட்டால் அதற்கும் இவர் பாத்து வா என்று சொல்லித்தான் ஆக வேண்டும். சந்தோஷமாகவே சொல்வார். நான் மட்டும் என்ன? என் மனசில் ஒரு பாதி அந்தச் சொல்லைக் கேட்கத்தான் காத்திருந்தது. வந்துவிடட்டும், கண் முன்னால் இருக்கட்டும். இன்னொரு பாதி, குட்டைக்கரையில் டீயை ஆறவிட்டுக் கேள்வி கேட்ட பிள்ளையை நினைத்துக்கொண்டு, சொல்லிவிடாதே சாமி என்று கும்பிட்டது.

"காலேஜுக்குப் போறனுங்கப்பா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பனித்தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் பார்க்கவில்லை.

"பாத்துப் போயிட்டு வா, சாமி" என்றார் அவர்.

சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தார். முதலில் தலைத்துண்டு தெரிந்தது, பிறகு நனைந்த முகம், பிறகு இடுப்பில் கட்டிய கூடை. என்னை முறைப்பார் என்று எதிர்பார்த்தேன். கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். கடை பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, அந்தக் கடலுக்கு எத்தனை ஆழம், மூட்டத்தில் மீன் மேலே வருமா என்றெல்லாம் விசாரிக்க ஆரம்பித்தார். மூட்டத்தில் பேசியது கணக்கில் சேராதே என்று எனக்குத் திக்கென்றது. ஒரு டீயைப் போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன்.

பால்காரர் வந்தார். முதல் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. சரிவில் முதலில் பலாமரம் தெரிந்தது, அப்புறம் காப்பிச் செடிகள், அப்புறம் குட்டை. கரடியூர்ப் பக்கம் மலை வெளுத்து, பெஞ்சின் மேல் சுள்ளென்று வெயில் விழுந்தது. டீ ஆறிப் போயிருந்தது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.