செழியனுக்குச் சொன்ன ஜெபம்

என் மனைவி அல்போன்சா ஆண்டவரோடு நேரடித் தொடர்பில் இருப்பவள். எனக்கு அந்த வசதி இல்லை. நான் திண்டுக்கல்லில் மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன்; எனக்குத் தெரிந்த தொடர்பெல்லாம் டவர் இருந்தால் கிடைப்பது, இல்லாவிட்டால் கிடைக்காதது. அதனால் எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு சுலபம். விடியற்காலையில் அவள் பேசுவாள், நான் போனைப் பிடித்திருப்பேன். கொஞ்ச நேரம் தியானம், கடைசியில் ஜெபம். முடிந்ததும் எங்கள் மாதா கோயில் பங்கு மக்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன்.

பேச்சில் குறை சொல்ல முடியாது. பொறுமையைப் பற்றி அவள் பேசினால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். பேசி முடித்த கையோடு பாலில் தண்ணீர் கலந்ததற்காகப் பால்காரரிடம் சண்டைக்குப் போவாள் என்பது குழுவுக்குத் தெரியாது. ஒருநாள், ஜெபிக்க நேரமில்லை என்று புலம்புகிறவர்களுக்காகப் பேசினாள். மில்லுக்குப் போகிற பிள்ளைக்காக இருட்டில் எழுந்து சோறு கட்டுகிறீர்களே, அந்த டிபன் பாக்ஸை மூடும்போது ஆண்டவர் பக்கத்தில்தான் நிற்கிறார், அதையே அவருக்குக் காணிக்கையாகக் கொடுங்கள் என்றாள். வேடசந்தூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போகும் பெண்கள் அதை யார் யாருக்கோ அனுப்பினார்கள். எனக்கே அன்றைக்கு டிபன் பாக்ஸ் மேல் ஒரு மரியாதை வந்தது.

ஜெபத்தில்தான் அவளுடைய கெட்டிக்காரத்தனம் முழுதாகத் தெரியும். யார் யார் எதற்காக வேண்டச் சொன்னார்களோ எல்லாவற்றையும் மனசிலேயே வைத்திருப்பாள். "பேரை எழுதி வச்சு வாசிச்சா அது ரேஷன் கடை, ஜெபமில்ல" என்பாள். முதலில் இறந்தவர்கள். ஒவ்வொரு பெயரையும் சொல்லி, 'இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே' என்று அந்த ஆன்மாவின் ஓய்வுக்காக வேண்டுவாள். அடுத்து உயிரோடு இருப்பவர்கள்: ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், குடியை விட வேண்டியவர்கள். கடைசியில் எப்போதும் ஒரே வேண்டுதல். செழியன் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும்.

செழியன் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் இரவு ஷிப்டுக்கு மில் பஸ்ஸில் ஏறிப் போனார். ஷிப்ட் முடிந்து கேட்டை விட்டு வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், திருப்பூர் வரை போய்த் தேடினார்கள், வழியிலிருந்த கிணறுகளில்கூட ஆள் இறக்கிப் பார்த்தார்கள். தடயமே இல்லை.

அவர் மனைவி ஜோதிமணி எங்கள் பங்கில் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டத்தில் ஒருத்தி. சின்னாளப்பட்டிச் சேலைகளுக்கு முந்தியில் குஞ்சம் கட்டிப் பிழைக்கிறாள். பிள்ளைகள் இல்லை. தலையில் பூ இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு முன்னால் செழியனைப் பற்றிப் பேச்சு வந்தால் 'இருந்தார்' என்று வாய் தவறியும் சொல்ல மாட்டோம்.

நவம்பர் எங்களுக்கு இறந்தவர்களின் மாதம். கல்லறைத் திருநாளுக்கு முன்பே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து வைப்போம். அன்று பூப்போட்டு மெழுகுவத்தி கொளுத்துவோம், பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே போவார். அன்றிலிருந்து அல்போன்சாவின் போனில் பெயர்கள் வந்து குவியும். தாத்தா, கொள்ளுத்தாத்தா, பிறந்த அன்றே போன சின்ன அத்தை. செத்தவர்களுக்கு நவம்பரில் இருக்கிற கிராக்கி உயிரோடு இருக்கிறவர்களுக்கு எந்த மாதமும் வருவதில்லை.

போன நவம்பரில் கல்லறைத் தோட்டத்தில் தூறலில் நின்றதால் மறுநாள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "இன்னிக்காவது எழுதி வச்சு வாசி" என்றேன். கேட்டால்தானே. கரகரத்த குரலில் பெயர் மேல் பெயராகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இளைப்பாற்றி கேட்டுக்கொண்டே போனாள். நான் பாதித் தூக்கத்தில் போனைப் பிடித்திருந்தேன். முடிந்ததும் அனுப்பினேன். வழக்கம்போல ஆமென்களும் கூப்பிய கைகளும் வந்து விழுந்தன. கேட்டுவிட்டு ஆமென் போடுகிறவர்கள் எங்கள் பங்கில் கொஞ்சம் பேர். போட்டுவிட்டுக் கேட்கிறவர்கள்தான் நிறைய.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் ஜோதிமணி வீட்டுக்கு வந்தாள். காப்பி வேண்டாம் என்றாள்.

"அக்கா, சொன்ன ஜெபத்தத் திருப்பி எடுக்க முடியுமா?"

அல்போன்சாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜோதிமணி தன் போனை எடுத்து அந்த நாள் தியானத்தைப் போட்டாள். வரிசையாகப் பெயர்கள். யாரோ ஒரு தாத்தாவுக்கும் யாரோ ஒரு பெரியம்மாவுக்கும் நடுவில், செழியன், இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே. சந்தேகமே இல்லாமல் என் மனைவியின் கரகரத்த குரல். அல்போன்சாவின் முகம் வெளுத்துவிட்டது.

"வாய் தவறிருச்சு ஜோதி. சத்தியமா தெரியாம வந்துருச்சு."

"கோவம் இல்லக்கா. நானே கேக்காம ஆமென் போட்டுட்டேன். பெறகு குஞ்சம் கட்டிக்கிட்டே கேட்டப்பத்தான் தெரிஞ்சுச்சு." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அன்னைக்கிருந்து அவுக வரலக்கா."

"யாரு வரல?"

அப்போதுதான் அவள் சொன்னாள். ஆறு வருடமாக அவள் வீட்டில் விடியற்காலையில், மில் பஸ் தெருமுனையில் திரும்பும் நேரத்துக்கு, வாசல் கேட்டின் கொண்டியை யாரோ தூக்குகிற சத்தம் கேட்கும். ஷிப்ட் முடிந்து செழியன் வரும்போது தூக்குகிற அதே மாதிரி. முதல் சத்தத்திலேயே ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள். ஆரம்பத்தில் பயந்திருக்கிறாள். பிறகு அவளாகவே ஒரு கணக்குக்கு வந்துவிட்டாள்: எங்கேயோ உயிரோடு இருக்கிறார், வீட்டை நினைக்கிறார், நினைப்பு முன்னால் வருகிறது, ஆள் பின்னால் வருவார்.

"யார்ட்டயும் சொல்லல. சொன்னா பேய்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிருவீக. அந்தச் சத்தத்த வச்சுத்தான் இம்புட்டு நாளும் ஓட்டுனேன். நீங்க இளைப்பாற்றி கேட்ட அன்னையோட நின்னுபோச்சு. அத எடுத்துருங்கக்கா."

நான் சும்மா இருந்திருக்கலாம். "பூனையா இருக்கும்மா" என்றேன்.

"பூனை ஆறு வருசமா ஷிப்டு பாக்குமாண்ணே?" என்றாள்.

அவள் போனபிறகு அல்போன்சா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். "நீ மழைக்கு வேண்டுன, வரல. உங்கண்ணன் குடிய விட வேண்டுன, விடல. எனக்குப் பக்தி வர வேண்டுன, அதுவும் வரல. இத மட்டும் கேட்டுட்டாராக்கும்?"

"அதாங்க பயமா இருக்கு" என்றாள். "அவரு கேக்கலைன்னா தினமும் நான் யார்ட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்? கேட்டுட்டாருன்னா அந்த மனுசன நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்?"

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளுடைய விசுவாசத்தைக் கிண்டல் செய்தே காலத்தை ஓட்டியிருக்கிறேன். அது ஆடினால் நானும் சேர்ந்து விழுவேன் என்று அன்றுதான் தெரிந்தது.

சாமியாரிடம் போனோம். நல்ல மனிதர். உயிரோடிருப்பவருக்கு இளைப்பாற்றி கேட்டால் ஆண்டவர் ஒன்றும் குழம்பிவிட மாட்டார், அவருக்கு ஆளும் தெரியும், விலாசமும் தெரியும் என்று சிரித்தார். அல்போன்சா தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் மறுநாள் குழுவுக்குத் தியானம் போகவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் போகவில்லை. விடியற்காலையில் எழுந்து உட்காருவாள், நான் போனைப் பிடிப்பேன், அவள் வாயைத் திறந்து மூடிக்கொள்வாள். எந்தப் பெயரைச் சொல்லவும் பயமாக இருக்கிறது என்பாள். பால்காரரிடம் சண்டை போடுவதையும் நிறுத்திவிட்டாள். அவர் என்னிடம் வந்து, "அக்காவுக்கு உடம்பு சரியில்லையாண்ணே?" என்று விசாரித்தார்.

அந்த வாரக் கடைசியில் ஜோதிமணி போன் செய்தாள். "எங்க வீட்டுக்கு வாங்கக்கா. அந்த நேரத்துல அங்கன உக்காந்து, அவுகள உசுரோட வரச் சொல்லிக் கேளுங்க. அனுப்புன வாய்தான் கூப்புடணும்."

இருட்டு பிரியும் முன்பே என் வண்டியில் போனோம். வேடசந்தூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் சின்ன வீடு. முன்னால் இடுப்பளவு இரும்புக் கேட். ஒற்றை அறை முழுவதும் மடித்து வைத்த சேலைகள், கொடியில் தொங்கும் குஞ்சங்கள். மாதா படத்துக்குக் கீழே மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. கடை திறக்க வேண்டும், காலை மடக்க முடியவில்லை என்று மனசு ஆயிரம் சாக்குச் சொன்னது.

"போன அமுக்குங்க. இல்லன்னா எனக்கு வாய் வராது" என்றாள் அல்போன்சா. பதிவைப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டேன்.

தூரத்தில் மில் பஸ் திரும்பி, நின்று, கிளம்பிப் போனது. அல்போன்சா கண்ணை மூடினாள். அவள் அப்படி ஜெபித்து நான் கேட்டதில்லை. தியானத்துக்கென்று வைத்திருக்கும் குரல் இல்லை அது. சந்தையில் கைப்பிள்ளையைத் தொலைத்தவள் கேட்கிற குரல். "ஆண்டவரே, நான் தெரியாம அந்தப் பக்கம் அனுப்பிட்டேன். செழியன இந்தப் பக்கம் கூட்டிட்டு வாரும். உசுரோட கூட்டிட்டு வாரும்."

டக்.

கேட்டின் கொண்டி. நானும் கேட்டேன். பூனை என்று சொன்ன அதே நான்தான் கேட்டேன்.

ஜோதிமணி எழப் போனாள். எழ முடியவில்லை, ஏனென்றால் அல்போன்சா பயத்தில் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆறு வருடமும் முதல் சத்தத்துக்கே ஓடிக் கதவைத் திறந்தவள், அன்று உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டியதாயிற்று. அதனால் அதற்குப் பிறகு வருவதையும் கேட்டாள்.

கொண்டி விழுந்தது. மறுபடி எழும்பியது, மறுபடி விழுந்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும். அவசரம் இல்லை, கோபம் இல்லை. எப்படித் திறப்பது என்பதை மறந்துபோன ஒருவர் பொறுமையாகத் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருப்பது போல இருந்தது. அந்தக் கேட்டில் பூட்டுக்கூடக் கிடையாது. சின்னப் பிள்ளை தள்ளினாலே திறந்துகொள்ளும்.

ஜோதிமணி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்திலிருந்த ஆசை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போவதைப் பார்த்தேன்.

"தினமும் இப்படித்தான் நின்னுருக்காக" என்றாள் மெதுவாக. "நாந்தான் பாதியிலேயே ஓடிப்போய் வெரட்டிருக்கேன்."

தலையைச் சாய்த்து மறுபடியும் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தாள்.

"உசுரோட இருக்க ஆளுன்னா உள்ள வந்துருப்பாகல்ல அக்கா."

கொண்டி இன்னொரு முறை எழும்பி விழுந்தது. அவள் அல்போன்சா பக்கம் திரும்பினாள். "முந்திச் சொன்னதையே சொல்லிருங்க. பாவம், நிக்க முடியாம நிக்காக."

அல்போன்சா வாயைத் திறந்தாள். பங்கே கேட்டு அழும் பேச்சுக்காரிக்கு ஒரு வரி வரவில்லை. அவள் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு ஜோதிமணி முழங்காலில் நின்றாள். கதவைப் பார்த்து நின்றாள்.

"செழியன்" என்றாள்.

கட்டியவனின் பெயரை அவள் வாயால் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. எப்போதும் அவுகதான், எங்க வீட்டுக்காரர்தான்.

"செழியனுக்கு இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே. ராத்திரியெல்லாம் வேல பாத்துட்டு வந்த மனுசன். இங்க நான் இருந்துக்கிறேன். அவுகளக் கூட்டிட்டுப் போயி படுக்க வையும்."

அதற்குப் பிறகு கொண்டிச் சத்தம் வரவில்லை. வெகுநேரம் காத்திருந்தோம். சன்னலில் வெளிச்சம் வந்தது, சந்தில் யாரோ குடத்தோடு குழாயடிக்குப் போனார்கள்.

போன் என் கையில் இன்னும் பதிந்துகொண்டிருந்தது. ஜோதிமணி அதைப் பார்த்தாள். "இதையே அனுப்பிருங்கண்ணே. எல்லாருக்கும் போகட்டும்" என்றாள். கொண்டிச் சத்தம் அதில் விழுந்திருக்கிறதா என்று நான் போட்டுப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

அது போய்ச் சேர்ந்தது என்று சொன்ன பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள். தரையில் உட்கார்ந்து, தலையை விரித்துப்போட்டு, அன்றைக்குத்தான் சடலம் வீட்டுக்கு வந்தது போல வாய்விட்டு அழுதாள். ஆறு வருடத்தில் அந்தச் சந்தில் யாரும் அவள் அழுது கேட்டதில்லை. அல்போன்சா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீடுகளில் கதவுகள் திறந்தன. என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. அந்த அழுகைக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் கொண்டியைத் தூக்கி, கேட்டைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.