பாதுகாப்பு பூஜ்யம்

மருந்து ஏற்றும் மெஷின்களுக்கு புரோகிராம் எழுதுகிறவளை ஆபீஸில் எல்லோரும் அவசரக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் வைத்த புண்ணியவான் பிழைக்கத் தெரிந்தவன், வேலையை விட்டுப் போய்விட்டான்.

அவள் எழுதுவது லிஸ்ப் மொழியில். அதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் கம்பைலரிடம், வேகம் எவ்வளவு முக்கியம், பாதுகாப்பு, அதாவது ஓடும்போது தப்பு இருக்கிறதா என்று சோதிப்பது, எவ்வளவு முக்கியம் என்று பூஜ்யம் முதல் மூன்று வரை எண் போட்டுச் சொல்லலாம். மெஷின் திரையில் கோடு வரைவது ஆமையாக நகர்கிறது என்று மருத்துவமனைக்காரர்கள் நச்சரித்ததால், போன வாரம் கோடு வரைகிற அந்த ஒரு ஃபைலின் தலையில் மட்டும் ‘வேகம் மூன்று, பாதுகாப்பு பூஜ்யம்’ என்று எழுதினாள். கோடு கோணலாகப் போனால் குடியா முழுகிவிடும்?

இன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே கம்பைலரின் பழைய பதிவுகளைப் பார்த்தவள் டப்பாவை அப்படியே மூடினாள். அவள் போட்ட எண்கள் அந்த ஃபைலோடு நிற்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பதினோரு ஃபைல்களையும் கம்பைலர் அதே கணக்கில் மாற்றித் தள்ளியிருந்தது. அதில் ஒன்று, நோயாளியின் எடையை வைத்து மருந்தின் அளவைச் சொல்வது. எடையை நிரப்பாமல் விட்டால் மெஷின் அலறி நிற்க வேண்டும். இனி அலறாது. கையில் சிக்கிய ஏதோ ஓர் எண்ணை எடையென்று எடுத்துக்கொண்டு கமுக்கமாக மருந்தை ஏற்றும்.

இந்தப் புது புரோகிராம் ஏறிய மெஷின்கள் ஓடும் வார்டில்தான், நேற்று ஆபரேஷன் முடிந்து, அவள் தம்பி ஒன்பதாம் கட்டிலில் படுத்திருந்தான். வார்டுக்குப் போன் போட்டாள்.

“புதுசா மாத்திக் குடுத்தீங்களே, அதுவா? தங்கமா ஓடுதும்மா,” என்றார் நர்ஸ். “ஒரு தடவைகூடக் கத்தலை.”

“அதான் சிஸ்டர் பயமா இருக்கு! எல்லாத்தையும் நிறுத்துங்க. எழுதினவ நான்தான். தப்பு என்னோடது. அளவு தாறுமாறாப் போகும்.”

நர்ஸின் குரல் மாறியது. “பதினாலு கட்டில்ல ஓடுது. நான் ஒருத்திதான் இருக்கேன். எதை முதல்ல நிறுத்த?”

“ஒன்பது!”

ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு நர்ஸ் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. தம்பியின் எடையைக் காலையில் அவள் கண்ணெதிரிலேயே மெஷினில் போட்டார்கள். அறுபத்திரண்டு. அவனுக்கு ஒன்றும் ஆகாது. எடை போடாத கட்டில் எது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும், பாவி!

“சிஸ்டர்! எடை போடாதவங்களைப் பாருங்க! சிஸ்டர்!”

தொண்டை கிழியக் கத்தினாள். யாரும் போனை எடுக்கவில்லை. தூரத்தில் தம்பியின் குரல் கேட்டது.

“எனக்கென்ன சிஸ்டர், நான் நல்லாத்தானே இருக்கேன்?”