ஏழாம் எண் தடயம்

ஏர்லை எங்கள் துறை நூறு தடவையாவது கொன்றிருக்கும். ரப்பர் பொம்மைதான். போன செமஸ்டரில் மாடிப்படியில் கழுத்து முறிந்து கிடந்தான், அதற்கு முந்தி குளியல் தொட்டியில் மிதந்தான். இறுதித் தேர்வன்று சமையலறைத் தரையில் குப்புறக் கிடந்தான், முதுகில் ஒரு கத்தி.

தடயவியல் துறை பயிற்சிக்கென்றே வைத்திருக்கும் மஞ்சள் வீடு அது. வாசலில் ஒரு பதிவேடு கட்டித் தொங்கும். உள்ளே போகிறவர் யாராயிருந்தாலும் பேர், நேரம், வந்த காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் நுழைந்தால் பூஜ்யம். உள்ளே எதையாவது தின்றால், குடித்தால், துப்பினால் அதற்கும் பூஜ்யம். கையேட்டின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கும். எழுதியவர் டாக்டர் ஹார்லஸ். மாநில போலீசில் இருபத்திரண்டு வருஷம் பிணங்களோடு கிடந்துவிட்டு எங்களுக்குப் பாடம் நடத்த வந்த பெண்மணி.

இந்தத் தேர்வில் எழுபது வாங்கினால் மாநில ஆய்வகத்தில் கோடைப் பயிற்சி. வாங்காவிட்டால் எனக்குக் கோழித் தொழிற்சாலை. ஒன்பது வருஷம் அங்கே தொடை எலும்பு வெட்டினவள் நான். வேலையை விட்டபோது, "உன் பூட்ஸ் இங்கயே இருக்கட்டும் ரீவா, எப்படியும் வருவ" என்றான் மேஸ்திரி. அந்த பூட்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எனக்கு முப்பத்தொன்று, கூடப் படிக்கிறவர்களுக்கு இருபது. என்னைக் கிழவி என்றுதான் கூப்பிடுவார்கள்.

என் ஜோடி டோபின். மரம் வெட்டுகிற குடும்பம். பதினாறு வயதில் லாரிச் சங்கிலி அறுந்து அடித்ததில் மேல்வரிசை முன்பல் இரண்டு போய்விட்டது. வேறு பல் கட்டிக்கொள்ளவும் இல்லை. அந்தச் சந்தில் விசிலடிப்பான்.

பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு நுழைந்தோம். அவன் நான்கு மூலையிலிருந்தும் அறையை முழுதாகப் படம் எடுத்தான். நான் அளவுகளைக் குறித்தேன். காலை ஐந்துக்கு ஒரு காப்பி குடித்ததுதான், வயிறு உறுமியது. மேஜையில் காகிதக் கைக்குட்டை மேல் ஒரு பெப்பரோனி ரொட்டி, உள்ளே காரமான இறைச்சித் துண்டு வைத்துச் சுட்டது, கால்வாசி கடித்தபடி இருந்தது. எங்கள் மலைகளில் சுரங்கத்துக்குப் போகிறவன் டிபன் வாளியில் இது இல்லாமல் இறங்க மாட்டான். பாதி தின்று வைத்தால் எலிக்குப் போகும், அதனால் கண்ணில் பட்டவர் எடுத்து வாயில் போடுவதுதான் எங்கள் வீட்டில் அப்பா கொண்டுவந்த வழக்கம். கேட்டுக்கொண்டு நிற்க மாட்டோம். என் கை எனக்கு முந்தியே போய்விட்டது.

டோபின் கேமராவின் திரையைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தான். "கத்தி ஒண்ணு. கப்பு ரெண்டு. செருப்புத் தடம் மூணு... ஏழு, ரொட்டி. பல்லு பதிஞ்சிருக்கு பாரு கிழவி, அருமையான தடயம்." நிமிர்ந்தான். "எங்க ரொட்டி?"

நான் மென்றுகொண்டிருந்தேன்.

"அடிப்பாவி! தடயத்தைத் தின்னுட்டியா?"

"தடயம்னு எவனுக்குடா தெரியும்?"

"இந்த வீட்டுல தூசிகூட தடயம்தான். துப்பு!"

"துப்பினாலும் பூஜ்யம்டா."

விழுங்கினேன்.

அவன் ஏர்ல் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எதிர்ல பெட்ரோல் பங்க்ல இதே ரொட்டி விக்கிறான். ஓடிப்போய் வாங்கிட்டு வரேன். ஒரு கடி கடிச்சு வெச்சிருவோம், யாருக்குத் தெரியப் போகுது?" என்றான்.

பொய்த் தடயம் வைப்பது இந்தத் தொழிலில் கொலையைவிடப் பெரிய குற்றம். தெரிந்துதான் காசை எடுத்து அவனிடம் நீட்டினேன். பூட்ஸ் கண்ணெதிரே நின்றது. நேர்மை வந்து என்னைத் தடுத்தது என்று எழுத ஆசைதான். தடுத்தது அவன் வாய்.

"நில்லுடா. படத்துல பல்வரிசை முழுசா இருக்கு. நீ கடிச்சா நடுவுல கதவு திறந்த மாதிரி இருக்கும்."

"அப்ப நீ கடி."

"வெளிய போய்ட்டு உள்ள வந்தா மறுபடி பதிவேட்டுல காரணம் எழுதணும். என்னன்னு எழுதுவ, ரொட்டி வாங்கப் போனேன்னா?"

கேமராவை என்னிடம் நீட்டினான். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடித்த ஓரத்தில் மங்கலாக ஒரு செம்மை இருந்தது. மேஜைக்குப் போய்க் குனிந்தேன். நான் விட்டுவைத்த கைக்குட்டையிலும் அதே நிறம், உதட்டின் பாதி வடிவத்தில். பவளச் சிவப்பு. அந்த நிறத்தை இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் முதல் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"டேய், கேமராவை எடு. என்னைப் படம் எடு," என்றேன்.

"உன்னையா?"

"என் வாயை. மோவாயில ஒட்டியிருக்கிற துணுக்கை டேப்ல எடுத்து உறையில போடு. ஒண்ணு விடாம எழுது. மணி பத்து பதினாலு, ஏழாம் எண் தடயம், புலனாய்வாளரே தின்றார்."

"செத்தே நீ கிழவி," என்று சொல்லிக்கொண்டே எழுதினான். கைக்குட்டையைக் காகிதப் பையில் போட்டு, வாயை ஒட்டி, ஒட்டின டேப்பின் குறுக்கே கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் தேர்வின் இரண்டாம் பாதி. துறையில் ஒரு பொய் நீதிமன்றம் உண்டு. கூண்டில் ஏறி நாம் எடுத்த தடயத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் டாக்டர் ஹார்லஸ். நிஜ வக்கீல்களிடம் பட்டதையெல்லாம் எங்களிடம் திருப்பிக் கொடுப்பார்.

என் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே வந்தவர் மூன்றாம் பக்கத்தில் நின்றார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"சாட்சி ரீவா ஸ்டுட்லர். சம்பவ இடத்துல நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் மேடம்."

வகுப்பு முழுக்கத் திரும்பியது. பின்வரிசையில் ஒருவன், "கிழவிக்குப் பசி!" என்றான்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஏழாம் எண் தடயம்."

சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆனது. அவர் சிரிக்கவில்லை. "நான் வெச்ச தடயம் மொத்தம் ஆறு. ஏழாவதுன்னு எதுவும் கிடையாது."

"அப்ப அது யாரோட ரொட்டி மேடம்?"

"இங்க கேள்வி கேக்கறது நான். கையேட்டு முதல் பக்கம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. தின்னா பூஜ்யம். அதுக்கு மேல் வரியில, கையெழுத்துப் போடாம நுழைஞ்சாலும் பூஜ்யம்."

"நீங்க போட்டிருக்கீங்களே."

"நான் போட்டேன். எனக்கு முந்தி அந்த ரொட்டியைக் கடிச்சவங்க போடல. பதிவேட்டுல இன்னைக்குத் தேதியில என் பேருக்கு மேல காலியா இருக்கு." பையைத் தூக்கிக் காட்டினேன். "கைக்குட்டையில உதட்டுச் சாயம். எட்டாம் எண். நிறம் பவளச் சிவப்பு. அந்த ஆளோட உதட்டை ஒப்பிட நீதிமன்றத்தோட அனுமதி கேக்கறேன்."

வகுப்பு மொத்தமும் அவர் உதட்டையே பார்த்தது. டோபின் சந்தில் விசிலடித்தான். டாக்டர் ஹார்லஸ் கையை வாய்வரை கொண்டுபோய், துடைக்காமல் நிறுத்தினார். துடைத்தால் தடயத்தை அழித்த குற்றம் வேறு சேரும். அது எங்கள் எல்லாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"கத்தியை வெக்கப் போனேன்," என்றார் கடைசியில். "இந்த ஏர்ல் பயலோட முதுகுல கத்தி இறங்கவே மாட்டேங்குது. ரெண்டு கையும் வேணும். ரொட்டியை மேஜையில வெச்சவ, மறந்துட்டேன்." என் கையிலிருந்த பையைப் பார்த்து, "காலையிலருந்து தேடிக்கிட்டிருக்கேன்," என்றார்.

அன்று அதற்கு மேல் நீதிமன்றம் நடக்கவில்லை. எல்லாரையும் மஞ்சள் வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். பதிவேட்டில் பழைய நேரத்தை இடுக்கில் செருகவில்லை. என் பேருக்குக் கீழே, அந்த நிமிஷத்து நேரத்தைப் போட்டு எழுதினார்: "பிந்திய பதிவு. காலை 8.40க்கு உள்ளே வந்தேன். கையெழுத்திடவில்லை. உணவு கொண்டுவந்தேன். கடித்தேன்." கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவால் என்னைச் சுட்டினார்.

"உனக்குப் பூஜ்யம்னா எனக்கும் பூஜ்யம். நான் பூஜ்யம் வாங்கிட்டு நாளைக்கு எந்த மூஞ்சோட வகுப்பெடுக்கறது? தின்னதை மறைக்காம எழுதினதுக்கும், பையை ஒழுங்கா ஒட்டினதுக்கும் எழுபது. அதுக்கு மேல அரை மார்க்கூடத் தர மாட்டேன்."

"போதும் மேடம்."

"அவங்க தாள்ல பார்த்தேன், எனக்கு எண்பத்தாறு," என்று டோபின் என் காதருகே சொன்னான். முழங்கையால் அவன் விலாவில் ஒன்று வைத்தேன்.

என் கோடைப் பயிற்சிப் படிவத்தை அங்கேயே, படிக்கட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நான் இழுத்தேன், அவர் விடவில்லை.

"ஸ்டுட்லர், ஆய்வகத்துல ரெண்டு ஃப்ரிட்ஜ் இருக்கும். ஒண்ணுல மதியச் சாப்பாடு, இன்னொண்ணுல ஆளோட ஈரல். திறக்கறதுக்கு முந்தி மேல ஒட்டியிருக்கிறதைப் படி."