சேதிக்கு முன்னால் வரும் கப்பல்

“கப்பலு வெளிச்சத்த விட வேகமா வருதுன்னா, அது வருதுன்னு கரையில இருக்கறவங்களுக்கு யாருப்பா முன்னாடியே சொன்னது?”

வெண்மதி இதைக் கேட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. சிதம்பரத்து வீட்டில் அவள் அப்பா சுப்பிரமணியன் ஒரு விண்வெளி நாவலின் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படித்து, வரிக்கு வரி நக்கலடித்துக்கொண்டிருந்தார். மகள் கேட்டதும் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடைத்த மாதிரி இருந்தது.

இந்த மாதிரிக் கதைகள் என்றாலே அவருக்கு இளக்காரம். ஒருவன் கதையில் விண்வெளிக்கு வாசல் இருக்கும். வாசலைப் பிடித்தவன் சுங்கம் வாங்கியே சக்கரவர்த்தி ஆகிவிடுவான். இன்னொருவன் கதையில் கப்பலே தாவும். காலையில் கிளம்பிய படை மூன்று கோள்களைக் கொளுத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும். எரிந்த கோளில் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு ஆள் இருக்க மாட்டான்.

இந்த நாவலை எழுதிய மணிவண்ணன் கடலூர் மீனவர் வீட்டுப் பிள்ளை. அவன் கதையில் கப்பல்தான் ஒளியை முந்தும். சேதி உட்பட வேறெதுவும் முந்தாது. ஆனால் சரக்குக் கப்பல் வருமுன்பே துறைமுகத்தில் ஏலம் முடிந்துவிடுகிறது. பகைவன் வருமுன்பே ஊர் காலியாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் இந்த நாவலைப் பற்றிப் பேசப்போவது சுப்பிரமணியன்தான். பதிப்பாளரும் வருகிறார். அவர் முன்னால் இதைப் போட்டு உடைத்தால் மணிவண்ணனின் முதல் புத்தகம் அங்கேயே செத்துவிடும். எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்றுகூட சுப்பிரமணியன் ஒத்திகை பார்த்தார்.

வெள்ளிக்கிழமை சாமி விளக்கின் முன் கை கூப்பி நின்றபோதும் ஒத்திகைதான் ஓடியது. அப்போது கடலூர் மஞ்சக்குப்பத்து மண்டபம் நினைவுக்கு வந்தது. போன வருடம் அங்கே மேடையில் அவருக்குப் பேச்சு மறந்துபோனது. முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. சட்டென்று மைக்கும் மின்விசிறியும் நின்றன. “கரண்டு போயிடுச்சு சார், கொஞ்சம் உக்காருங்க” என்றது கதவோரக் குரல். கரண்டு வருவதற்குள் அவர் தாளைப் புரட்டி, விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார். சுவிட்சின் மேல் இருந்தது மணிவண்ணனின் கை. அதை அவர் மட்டும் பார்த்தார். அவன் இன்றுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

சனிக்கிழமை காலை அவர் கடலூர் துறைமுகத்தில் மணிவண்ணன் முன் போய் நின்றார்.

“என்னா சார், இவ்ளோ தூரம்?”

“பேனா எடுத்தா ஒரு கோளையே கொளுத்தறியே தம்பி, கை கூசலையான்னு பாத்துட்டுப் போவலாம்னுதான்.”

“சண்டைன்னா அப்பிடித்தான் சார்.”

“சரி, கப்பல முந்தி சேதி போவாதுன்னு நீதான எழுதியிருக்க? அப்பறம் ஏலம் எப்பிடி முடிஞ்சுது?”

“நாங்க கடல்லருந்தே போன் பண்ணி வெல பேசிட்டுத்தான கரைக்கு வருவோம். கை அதுபாட்டுக்கு எழுதிடுச்சு சார்.”

“அங்க எவன் டவர் வெச்சான்?”

மணிவண்ணன் படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். “சரக்கு ஏத்தாத சின்னக் கப்பலு மொதல்ல தாவும் சார். வெலையும் அதுல வரும், சண்டைச் சேதியும் அதுல வரும்.”

“எதிரி மொதல்ல அதத்தான் பிடிப்பான்.”

“பிடிக்கட்டும். ஒண்ணு தப்பிச்சு வந்தா போதும், ஜனத்த எழுப்பிவுட்டுரும்.”

சுப்பிரமணியனுக்கு நக்கல் எதுவும் வரவில்லை. “அத இன்னிக்கே எழுதிடு” என்றார்.

“இத நாளைக்கு எல்லார் முன்னாலயும் கேட்டிருந்தா கைதட்டல் ஜாஸ்தியா வந்திருக்குமே சார்.”

“நாளைக்கு எனக்குத் தொண்ட கட்டிக்கும்.”

சுற்றிலும் ஐஸ் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவர்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை. அவர் சிதம்பரம் பஸ்ஸுக்கு நடந்தார்.