கறி எனக்கு, கிழங்கு உனக்கு

தராசுக்காரருக்கு எதையும் எடை போட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். கடைக்காரர்களின் தராசுகளைப் பழுது பார்ப்பது தொழில். பெண் பார்க்க வந்தபோதே தன்னைக் கண்ணால் எடை போட்டுவிட்டார் என்று அவர் மனைவி சொல்லிக் காட்டுவதுண்டு. அவர் மறுத்ததில்லை. "ரெண்டு கிலோ தப்பாப் போச்சு" என்பார்.

வலது கால் சுண்டுவிரலில் புண் வந்து ஆறாமல் கறுத்தது. "அடுத்த மாசமும் சர்க்கரை இறங்கலன்னா விரலை எடுத்துடலாம்" என்றார் டாக்டர், ஏதோ சட்டைப் பொத்தானைச் சொல்வதுபோல. தராசுக்காரரின் அண்ணன் அப்படித்தான் போனார். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால். தவணை முறையில் செத்தவர்.

அன்றே வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு வெளியேறியது. ஞாயிறு மதியம் மனைவி கொத்துக்கறியில் கிழங்குக்குப் பதில் காலிபிளவரைப் போட்டு, மிளகும் சோம்பும் தூக்கலாக அரைத்து விட்டாள். சட்டியை மூடுமுன் தராசுக்காரர் எடை போட்டார். இறக்கியதும் மறுபடி போட்டார். ஆவியில் போனதைக் கழித்தால் எடை சரி.

கிளறிய கரண்டி எதிலோ இடித்தது. தோலுரித்து வெந்த ஓர் உருளைக்கிழங்கு.

"வாயைக் கட்டத் தெரியாதா உங்களுக்கு? எப்போங்க போட்டீங்க?"

"நான் போடலடி."

"அப்ப கிழங்கு தானா நடந்து வந்துச்சா?"

அவர் கிழங்கைத் தராசில் வைத்தார். எண்பது கிராம். கிழங்கை எடுத்தபின் சட்டி, இருக்கவேண்டியதைவிட எண்பது கிராம் குறைந்தது. யாரோ எண்பது கிராம் கறியை எடுத்துக்கொண்டு கிழங்கைப் போட்டிருக்கிறார்கள்.

சின்ன வயதில் அவர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், தட்டில் கறி கிழங்காகிவிடும். "கறி எனக்கு, கிழங்கு உனக்கு. எடை சரியா இருக்கா இல்லையாடா?" என்பார் அண்ணன். எடை சரியாகத்தான் இருக்கும். அழுவதற்குக்கூட நியாயம் கிடைக்காது.

அடுத்த வாரம் சட்டியில் கிழங்கு தட்டுப்படவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டார். இரண்டு நாளில் சர்க்கரை எகிறியது. அப்புறம்தான் புரிந்தது, அண்ணன் கிழங்கையும் கொத்தப் பழகிவிட்டார்.

"வெளியில எங்கயோ வெட்டறீங்க. இனிமே உங்க பேச்சை நம்பவே மாட்டேன்" என்றாள் மனைவி.

பரிசோதனைக்கு முந்தின ஞாயிறு, அவள் துணி காயப்போடப் போன நேரம், தராசுக்காரர் அடுப்படியில் நின்று கைகூப்பினார். சட்டியைக் கும்பிடுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"அண்ணே, விரல் போயிடும்ணே. உனக்குக் கறி வேணும்னா வேற எங்கயாவது எடுத்துக்கோ. என் சட்டியில மட்டும் கை வைக்காத."

மூடி ஒருமுறை எழும்பி, அடங்கியது. ஆவியாக இருக்கலாம்.

திறந்தார். கரண்டி எதிலும் இடிக்கவில்லை. ஒரு பிடியை விரலால் நசுக்கிப் பார்த்தார். கறியும் காலிபிளவரும்தான். இரண்டு தட்டு சாப்பிட்டார். "இன்னிக்குத்தான் மனுஷன் மாதிரி சாப்பிடறீங்க" என்றாள் மனைவி, கொஞ்சம் சமாதானமாகி.

மறுநாள் காலை டாக்டரிடம் கிளம்பினார்கள். ஒரு மாதத்தில் முதல்முறையாகக் கால் வலிக்கவில்லை. உற்சாகமாகக் காலுறையை மாட்டினார். மாட்டிக்கொண்டு நாலடி நடந்ததும், வலது காலுறைக்குள் ஏதோ உருண்டது.

கழற்றினார். ரத்தமில்லை, தழும்புகூட இல்லை. பிறந்ததிலிருந்தே நான்கு விரல்தான் என்பதுபோல வழவழவென்று இருந்தது பாதம். காலுறையைக் கவிழ்த்தார். சுண்டுவிரல் அளவில் ஓர் உருளைக்கிழங்கு, தோலுரித்தது, மேசையில் விழுந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

கை பழக்கத்தில் அதைத் தராசில் வைத்தார். முள்ளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"என்னங்க, கிளம்பலையா?" வாசலிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

தராசுக்காரர் இடது கால் விரல்களை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"அண்ணே... சட்டியிலயே எடுத்துக்கோண்ணே."