காணாமல் போகாத அறுபத்தொரு காலுறைகள்

1. பொருள்

இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருடியவன் நான். திருடு போனது ஒரு காலுறை. பச்சை நிறம், இடதுகால், கணுக்கால் பக்கம் 1 என்று எண் தைத்தது. (ஜோடி அல்ல, ஒன்றே ஒன்று. ஏன் ஒன்று மட்டும் என்பதுதான் கதை.)

பொருள் வரி இல்லாத கடிதத்துக்கு அரை மதிப்பெண் குறைக்கிற பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். ஆகவே, பொருள்: கோல்கீப்பர் ஒருவரின் நலம் குறித்து. பார்வை: நான் எழுதிய இரண்டு கடிதங்கள், இரண்டும் தப்பு. இணைப்பு: மேற்படி காலுறை.

ஒரு கால்பந்து கிளப்பில் கடிதம் எழுதுவது என் வேலை. தோற்றால் ரசிகர்களுக்கு வருத்தக் கடிதம், ஜெயித்தால் நன்றிக் கடிதம், மைதானப் புல்லில் நாய் நடந்தால் நாயின் சொந்தக்காரருக்குக் கண்டிப்பான கடிதம். பந்தை நான் காலால் தொட்டதில்லை. ஒருமுறை பந்து என் தலையைத் தொட்டது. அதற்கான விளக்கக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன்.

2. மூன்று தொடக்கங்கள்

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"பனி இறங்கிய புல்வெளியில், இரு கம்பங்களுக்கு நடுவே, கறுத்து உயர்ந்த ஓர் உருவம் தன்னந்தனியே

நிறுத்திவிட்டேன். பதினொரு பேர் இறங்கும் அணியில் பத்துப் பேருக்கு நான் நிறம் எழுதவில்லை. அவனுக்கு மட்டும் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். அன்று மைதானத்தில் அவனைப் பார்த்துக் கூச்சல் போட்டவர்களுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம், அவர்கள் நின்றுகொண்டு கத்தினார்கள், நான் உட்கார்ந்துகொண்டு எழுதினேன் என்பதுதான்.

இரண்டாவது தொடக்கம்: "அவனுடைய தாய் கண்ணீரைத் துடைத்தபடி

இதுவும் போயிற்று. கதைக்கு வேண்டுமென்பதற்காக இன்னொருவர் அம்மாவை அழவைக்க எனக்கு என்ன உரிமை? விசாரித்துப் பார்த்தேன். அந்த அம்மா அந்த நேரத்தில் நீச்சல் வகுப்பில் இருந்தாராம். நன்றாக நீந்துகிறாராம்.

மூன்றாவது: "அணியில் எல்லோரும் அவனைப் பூட்டு என்று கூப்பிடுவார்கள்." இது இருக்கட்டும்.

(குறிப்பு: இந்தப் பட்டப்பெயரை நான் வைக்கவில்லை. மனத்தைப் பூட்டி வைத்த ஆண்மகன் என்று உருவகம் பிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். பந்து உள்ளே போகாததால் பூட்டு, அவ்வளவுதான். பந்து உள்ளே போகிற நாட்களுக்கு வேறு பெயர்கள் இருக்கின்றன. அவற்றை அச்சில் போட முடியாது.)

3. சேவல்

ஞாயிற்றுக்கிழமை, வெளியூர் ஆட்டம். இடைவேளைக்குப் பிறகு பூட்டு நின்ற கம்பத்துக்குப் பின்னால் எதிரணி ரசிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோல்கீப்பர் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. மற்ற பத்துப் பேரும் ஓடிவிடலாம். அவன் ஓட முடியாது. அவன் பந்தை வைத்துவிட்டு உதைக்கப் பின்வாங்கும்போதெல்லாம் நாலைந்தாயிரம் பேர் குரங்கு மாதிரி கத்தினார்கள். (ஒழுங்காகவும் கத்தவில்லை. பாதிப் பேர் ஆந்தை. ஒருவர் நிச்சயமாகச் சேவல்.)

நடுநடுவே "உன் ஊருக்குப் போடா" என்ற குரலும் வந்தது. அவனுடைய ஊரே அதுதான். அந்த மைதானத்திலிருந்து மூன்றாவது பஸ் நிறுத்தம். கத்தியவர்களில் பலர் அதைவிடத் தூரத்திலிருந்து டிக்கெட் எடுத்து வந்தவர்கள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. பூட்டு அவர்கள் சொன்னபடியே செய்தான். மூன்று நிறுத்தம் பஸ்ஸில் போய் அக்கா வீட்டில் இறங்கினான்.

அக்கா ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தாள். தட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"நான் சத்தத்தக் கொறச்சிட்டுத்தான்டா பாத்தேன். நல்லாப் புடிச்ச."

அவன் தட்டை வாங்கிக்கொண்டு, வழக்கமாக உட்காரும் நாற்காலியை விட்டுவிட்டு, சுவரை ஒட்டிக் கிடந்த முக்காலிக்குப் போனான். ஏன் என்று கேட்டதற்கு இடுப்பு வலி என்றான். மறுநாள் அணி பஸ்ஸில் கடைசி வரிசைக்கு மாறினான். உணவறையில் மூலைக்கு மாறினான். கடைசி வரிசை பரம்பரை பரம்பரையாகத் தன்னுடையது என்று நம்பியிருந்த மாற்றுக் கோல்கீப்பர், தன் பதவிக்கு யாரோ குறி வைத்துவிட்டதாக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பூட்டின் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டியிருந்தது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

4. காலுறை வழக்கம்

இந்த இடத்தில் கதையை நிறுத்தி எங்கள் கட்டடத்தைக் காட்ட வேண்டும்.

போன வருடம் கிளப் ஒரு மனநல ஆலோசகரை வேலைக்கு எடுத்தது. அறை காலியில்லை. சலவையறைக்கு உள்ளே, சோப்புத்தூள் மூட்டை அடுக்கியிருந்த சின்ன அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். சலவையறையைத் தாண்டித்தான் அங்கே போக முடியும். இரண்டு மாதம் ஒரு ஈ காக்கை உள்ளே போகவில்லை. முட்டி பிசகினால் ஊரைக் கூட்டுகிற ஆட்கள், அந்தக் கதவைக் கண்டால் ஷூ லேஸ் கட்டக் குனிந்தார்கள்.

ஒருநாள் கேப்டன் நிஜமாகவே ஒரு காலுறையைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டு போனார். சலவையறை அண்ணன் (பெயர் அதுதான், அவருக்கே வேறு பெயர் மறந்திருக்கும்) உள்ளறையைக் காட்டினார். கேப்டன் முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். காலுறை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. யாருக்கு மனசு சரியில்லையோ அவர் கையில் ஒற்றைக் காலுறையோடு சலவையறைக்குப் போவார். ஒன்றைக் காணோம் என்பார். அண்ணன் தலையைத் தூக்காமல், "உள்ள ரூம்ல பாருங்க தம்பி, அங்க விழுந்திருக்கும்" என்பார். டிரையர் கடகடவென்று ஓடும். உள்ளே என்ன பேசினாலும் வெளியே கேட்காது. யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

வினை அண்ணனின் நேர்மையில் வந்தது. அவருக்குப் பொய் வராது. வருகிற ஒவ்வொருவரையும் தன் பதிவேட்டில் "காலுறை தேடி வந்தார்" என்று தேதி போட்டு எழுதி வைத்தார். மூன்று மாதத்தில் அறுபத்தொரு வரி. மேலாளர் அதைப் பார்த்தார். அறுபத்தொரு காலுறைகள் களவு போயிருக்கின்றன என்று முடிவுகட்டினார். கேப்டன் மட்டும் பதினொன்று. ரசிகர்களிடம் விற்கிறாரோ என்று என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

திங்கள்கிழமை முதல் ஒவ்வொரு ஜோடியும் கிளிப் போட்டு, எண் போட்ட வலைப்பையில் துவைக்கப்படும் என்று சுற்றறிக்கை போயிற்று. இனி ஒரு காலுறைகூடத் தனியாகப் பிரியாது.

எழுதியவன் நான். "காலுறைகளின் பாதுகாப்பு கருதி" என்று தொடங்கியிருந்தேன்.

5. நாலு எட்டு

செவ்வாய்க்கிழமை பூட்டு சலவையறைக்குப் போனான். கையில் ஒன்றுமில்லை. என்ன சொல்லிக்கொண்டு நிற்பது என்று தெரியாமல், காலுறை, என்று மட்டும் சொன்னான். அண்ணன் வலைப்பையை எடுத்துக் கொடுத்தார். கிளிப் கழலாமல் இரண்டும் உள்ளே இருந்தன.

"ரெண்டும் இருக்கு தம்பி" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

உள்ளறைக் கதவு நாலு எட்டு தூரம். பூட்டு டிரையர் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டான். ஏழடி பறந்துபோய்ப் பந்தைப் பிடிக்கிறவனுக்கு நாலு எட்டு நடக்க ஒரு காலுறை வேண்டியிருக்கிறது. நம்ப முடியவில்லை என்கிற வாசகர், கடைசியாக யாரிடம் தாம் நன்றாக இல்லை என்று சொன்னார் என்பதைக் கொஞ்சம் யோசித்துவிட்டு வரலாம். காத்திருக்கிறேன்.

புதன்கிழமை கால்பந்துக் கூட்டமைப்பிலிருந்து கேள்வி வந்தது. ஞாயிறு ஆட்டத்தில் எழுந்த கூச்சலால் உங்கள் வீரர் பாதிக்கப்பட்டாரா? அவர் கையொப்பத்தோடு வெள்ளி மாலை ஐந்துக்குள் பதில் வேண்டும். பாதிப்பில்லை என்றால் விஷயம் அதோடு முடியும். மேலாளர் என் மேஜைக்கு வந்தார்.

"நம்ம ஆளுங்களும் போன வருசம் இதே மாதிரிக் கத்தியிருக்காங்க சார். கிளறினா நம்ம மேலயும் விழும். ரெண்டு வரி எழுதிருங்க, பையன் கையெழுத்துப் போட்ருவான்."

மூன்று வரி எழுதினேன். "நான் நலமாக உள்ளேன். அன்று எழுந்த ஒலிகள் என் செவியில் விழவில்லை. ஆகவே மேல்நடவடிக்கை தேவையில்லை எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." செவி என்ற சொல் நன்றாக விழுந்திருப்பதாக எனக்கே ஒரு சந்தோஷம். பின்னால் ஓடி வருகிறவனின் காலடியைக் கேட்டே பந்து எங்கே போகும் என்று சொல்லிவிடுகிற ஆள், ஐயாயிரம் பேர் கத்தியதைக் கேட்கவில்லை என்று எழுதுகிறோமே என்ற சந்தேகம் தேநீர் குடிக்கும்போதுதான் வந்தது. கடிதம் அதற்குள் பூட்டின் அலமாரிக்குப் போய்விட்டது.

6. ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம்

வியாழக்கிழமை, கடிதம் எழுதுகிறவன் சலவையறைக்குள் நுழைந்து, எண் 1 வலைப்பையின் கிளிப்பைக் கழற்றி, இடதுகால் காலுறையைச் சட்டைப் பைக்குள்

நம்பும்படியாக இல்லை என்று எனக்கே படுகிறது. அந்த ஆள் முப்பது வருடமாக ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போகாதவன். வேறொரு பாத்திரத்தைத் திருடவிடலாமா என்று பார்த்தேன். கேப்டன்? ஏற்கெனவே பதினொன்று இருக்கிறது. அக்கா? அவள் வேறு ஊரில் இருக்கிறாள். வேறு வழியில்லாமல் நானே செய்தேன். சட்டைப் பை காலுறை அளவுக்குத் தைக்கப்பட்டதல்ல. முக்கால்வாசி வெளியே தொங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

7. நகல் இயந்திரம்

வெள்ளி, மணி நாலு பத்து. பூட்டு என் அறைக்கு வந்தான். ஒரு கையில் ஒற்றைக் காலுறை, இன்னொரு கையில் என் மூன்று வரிக் கடிதம்.

"சார், என் சாக்ஸ் ஒண்ணக் காணோம்."

"சலவையறைல கேட்டீங்களா தம்பி?"

"கேட்டேன். கடிதம் எழுதுற சார் டிராயர்ல இருக்கும்னு அண்ணன் சொன்னாரு."

(அவருக்குப் பொய் வராது என்று நாலாம் பகுதியில் எழுதினேன். அது இப்படி என் மேலேயே வந்து விழும் என்று அப்போது தெரியாது.)

அவன் கதவைச் சாத்தினான். நாற்காலியை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். என் திட்டப்படி அவன் ஆலோசகரிடம் போயிருக்க வேண்டும். கடிதம் எழுதுகிறவனிடம் வந்துவிட்டான். அறையில் கடிகாரச் சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. அந்த அமைதியில் எந்த ஆண்பிள்ளை வாயைத் திறப்பான்? எனக்கு ஒன்றுதான் தோன்றியது. நகல் இயந்திரத்தில் ஒரு வெற்றுத்தாளை வைத்து, இருநூறு பிரதி என்று அழுத்தினேன். டிரையர் அளவுக்கு இல்லாவிட்டாலும் கடகடத்தது.

தொண்ணூறாவது வெற்றுத்தாள் விழும்போது அவன் பேசினான்.

"நாப்பத்தஞ்சு நிமிசம் சார். திரும்பிப் பாக்கக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாதுன்னே நின்னேன். நல்லாப் புடிச்சன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு பந்தப் புடிச்சதுகூட ஞாபகம் இல்ல. இப்ப எங்க உக்காந்தாலும் முதுகு கூசுது."

நான் தலையை ஆட்டினேன். ஆறுதலாகச் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "பணிவுடன்" என்று முடிந்தது. விழுங்கிவிட்டேன்.

அவன் என் கடிதத்தை மேஜை மேல் வைத்தான்.

"காது கேக்கலன்னு எழுதியிருக்கீங்க. எனக்குக் காது நல்லாக் கேக்கும் சார். நான் சொல்றேன், நீங்க அடிங்க. அழகுபடுத்தாதீங்க."

அடித்தேன். அவன் சொன்னது இது: "நான் நலமாக இல்லை. எல்லாம் கேட்டது. சேவல்கூடக் கேட்டது. எங்கள் ரசிகர்கள் போன வருடம் கத்தியதும் கேட்டது. அடுத்த ஆட்டத்திலும் நான்தான் நிற்பேன். பின்னால் நிற்பவர்களை நான் திரும்பிப் பார்க்க முடியாது. நீங்கள் பாருங்கள்."

பொருள் வரி இல்லை. அரை மதிப்பெண் போனால் போகட்டும். அவன் கையெழுத்துப் போட்டான். டிராயரைத் திறந்து காலுறையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவன் இரண்டையும் கிளிப்பில் சேர்த்துப் போடவில்லை. ஒன்றைப் பையில் வைத்தான், ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனான். இருநூறாவது தாள் விழுந்தது.

8. முடிவுகள்

(அ) அடுத்த ஆட்டத்தில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. (கோடு போட்டு அடித்துவிட்டேன். எழுதும்போது எனக்கே கைதட்டத் தோன்றியது. அது நல்ல அறிகுறி அல்ல.)

(ஆ) சேவலாகக் கூவியவர் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுகிறார். (அதற்கும் பதில் எழுத வேண்டியவன் நான்தான். வேண்டாம்.)

(இ) மேலாளர் என்னை வேலையிலிருந்து நீக்குகிறார். நீக்கல் கடிதத்தை எழுதத் தெரிந்தவர் கிளப்பில் வேறு யாருமில்லாததால் அதையும் நானே எழுதுகிறேன். (இது நடக்கக்கூடியது. இப்போதே ஒரு வரைவு வைத்திருக்கிறேன்.)

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிடுவது வசதி. கடிதம் போயிற்றா இல்லையா என்பதை மட்டும் உங்களிடம் விடமாட்டேன். அந்த அளவுக்கு நான் நவீனமானவன் இல்லை. போய்விட்டது. நாலு ஐம்பத்திரண்டுக்கு நானே அனுப்பினேன்.

எனக்குத் தெரியாதது வேறொன்று. என் அறைக்கு வெளியே நடை இரண்டாகப் பிரிகிறது. இடதுபக்கம் வண்டி நிறுத்துமிடம், வலதுபக்கம் சலவையறை. கையில் ஒற்றைக் காலுறையோடு அவன் எந்தப் பக்கம் போனான்? எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அண்ணனின் பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். அதில் பொய் இருக்காது. அதனால்தான் புரட்டவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் யார் போனார் என்பது கதை எழுதுகிறவனுக்கும் சொல்லக் கூடாத விஷயம்.

ஆகவே இணைப்பில் ஒரு திருத்தம். பச்சைக் காலுறை உரியவரிடம் சேர்ந்துவிட்டது. டிராயரில் இப்போது சாம்பல் நிறத்தில் ஒன்று இருக்கிறது, குதிகாலில் சின்ன ஓட்டை. அது என்னுடையது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். வலதுபக்கம் திரும்பினால் டிரையர் ஓடுகிற சத்தம் கேட்கும். ஒன்றைக் காணோம் என்று சொன்னால் போதும். மிச்சத்தை அண்ணன் சொல்வார்.

போய்விட்டு வந்ததும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்தது நான் போக வேண்டும்.